விரல் நுனியில் ஒரு கிணறு

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஒரகடம் சாலையில் இரைந்துகொண்டு போகும் நேரம். அந்தச் சத்தத்துக்கு மேலே ஒரு மாடியறையில், அக்குபங்சர் ஹீலர் ஒரு தொழிலாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்மூடி நாடி பார்க்கிறார். முதலில் மேலாக, பிறகு சற்றே அழுத்தி. நாளெல்லாம் ஸ்குரூ முடுக்கிக் காய்த்துப்போன கை. நகக்கண்ணில் கிரீஸ் கறுத்திருக்கிறது. பிறகு ஊசி. தலைமுடியைப் போல மெலிந்தது, தோலுக்குத் தெரியாமல் இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் உள்ளே லேசான கனம், விறுவிறுப்பு. ‘சி’ என்ற உயிர்மூச்சு வந்துவிட்டது என்கிறது சீன மரபு.

அந்த மரபு உடம்புக்கு வைத்த பெயர்கள்தான் எனக்கு எத்தனை இஷ்டம்! விரல் நுனிப் புள்ளி கிணறு. மேலே ஏற ஏற சுனை, ஓடை, ஆறு, முழங்கையில் கடல். உள்ளங்காலில் ‘பொங்கும் ஊற்று’. மலையிலும் நீரிலும் ஓடும் உயிர்மூச்சே மனிதனுக்குள்ளும் ஓடுகிறது என்ற தாவோ எண்ணம் இந்தப் பெயர்களில் தங்கியிருக்கிறது. ஏரிகள் நிறைந்த இந்த ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏரி நிரம்பிக் கிடந்தாலும் வாய்க்கால் தூர்ந்தால் கடைமடை காயும். ஊசி பிடித்த விரல்கள் மண்வெட்டி பிடித்து மடை திறக்கிறவரின் நிதானத்தோடு அசைகின்றன. ஊசியை எடுத்த பிறகும் அவர் விரல் அந்த இடத்திலேயே ஒரு கணம் தங்குகிறது, தண்ணீர் பாய்கிறதா என்று பார்ப்பதுபோல.