ஒரு பக்கப் புத்தகம்

இந்த வாரம் நான் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கும் புத்தகத்துக்கு மொத்தமே ஒரு பக்கம்தான். ஆசிரியர் பெயர் கிடையாது, விலை போடவில்லை. ஆனாலும் நீங்கள் படித்திருப்பீர்கள். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில்கூட ஒட்டியிருக்கலாம். டயட் சார்ட்!

என் கைக்கு இது வந்தது பொட்டிபுரத்தில். நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வருது, வரலைன்னு பல வருஷம் செய்தியில் அடிபட்டதே, அதே பொட்டிபுரம்தான். மலையைக் குடைவதைப் பற்றி எத்தனையோ படித்தோம். மலையடிவாரத்துப் பெண்களின் உடம்பைப் பற்றி நான் யோசித்தது இந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான்.

தங்கச்சி முறை வேண்டும் எனக்கு ஒருத்தி. விடியுமுன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவள். அவள் மகளுக்கு 21 வயசு. போடியில் ஜவுளிக்கடை வேலை. நாலு மாசமாகத் தூரம் வரவில்லை. தாடையில் முடி, பின்கழுத்தில் கறுப்பு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, 'பி.சி.ஓ.எஸ்.' என்று சொல்லி, இந்தக் காகிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"பாதிச் சாமான் என்னன்னே தெரியல மாமா. நீங்களாச்சும் படிச்சுச் சொல்லுங்க" என்றாள். நான் படித்தது பி.காம். மருத்துவம் தெரியாது. ஆனால், கணக்கு இடித்தால் தெரியும். இதில் நாலு இடத்தில் இடிக்கிறது.

முதல் இடி, தலைப்பிலேயே! 'கர்ப்பப்பை நீர்க்கட்டி உணவுமுறை.' இந்தப் பிரச்னை கர்ப்பப்பையில் இல்லை, சினைப்பையில். ஸ்கேனில் தெரிவதும் கட்டி இல்லை. முழுசாக வளராமல் நின்றுபோன கருமுட்டைப் பைகள். பெயரே ஆளைக் குழப்புகிறது, மாற்றுங்கள் என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2012-லேயே சொல்லிவிட்டது. பலருக்கு உள்ளே நடப்பது இதுதான்: இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. அதனால் உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த அதிகப்படி இன்சுலின் சினைப்பையை உசுப்பி, ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. முகத்து முடியும் தள்ளிப்போகும் மாதவிலக்கும் அதன் விளைவு. கழுத்துக் கறுப்பும் இன்சுலின் வேலைதான். அந்தப் பெண்ணோ, 'வயித்துல கட்டி இருக்கு' என்று ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறாள்.

இரண்டாவது, இலக்கு. அவள் உயரம் 152 செ.மீ., எடை 64 கிலோ. சார்ட்டில் 'லட்சிய எடை: 48' என்று எழுதி, கீழே இரண்டு கோடு. அதாவது 16 கிலோ குறைக்கணும்! எடையில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து பங்கு குறைந்தாலே மாதவிலக்கும் சர்க்கரையும் சீராக வாய்ப்பு உண்டு என்று மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன. இவள் கணக்கில் அது மூணேகால் கிலோவிலிருந்து ஆறரை கிலோ. இவள் ஏற்கெனவே 2 கிலோ குறைத்திருக்கிறாள். ஆனால், அந்த 48-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது தோல்வி மாதிரி தெரிகிறது. லாபத்தை நஷ்டமாகக் காட்டுகிற கணக்கை எந்த ஆடிட்டர் எழுதினார்?

மூன்றாவது, சமையல். காலை 8 மணிக்கு ஓட்ஸ். 11 மணிக்கு கிரீன் டீ, நாலு பாதாம். மதியம் கினோவா, ப்ரோக்கோலி, ஆலிவ் ஆயில். ஐயா, 11 மணிக்கு அவள் கடையில் புடவை விரித்துக்கொண்டு நிற்கிறாள்! 2023-ல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டி, இன்ன உணவுமுறைதான் மற்றதைவிட உசத்தி என்பதற்கு ஆதாரமில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. அப்படியானால் தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, முருங்கைக்கீரை, முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலை இதெல்லாம் என்ன பாவம் செய்தது? தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பயறையும் காயையும் கூட்டு என்று எழுத ஒரு வரி போதுமே.

இங்கே எதிர்க்கட்சிக்காரர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். 'சீனிக்குப் பதில் கருப்பட்டி, 48 நாளில் கட்டி கரையும்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களே, கருப்பட்டியும் தேனும் உடம்புக்குள் போனால் சர்க்கரைதான். கம்மங்கூழ் நல்லது, சொம்பு சொம்பாகக் குடித்தால் அதுவும் மாவுச்சத்துதான். 'ஏலக்காய்த் தண்ணி குடிச்சா சரியாகிடும்' என்று ஒருவர் அனுப்பியிருந்தார். அப்படியென்றால் போடியில் ஒரு பெண்ணுக்கும் இது வந்திருக்கக் கூடாதே!

நாலாவதுதான் பெரிய இடி. சார்ட்டில் 'சர்க்கரை சாப்பிடாதே' என்று இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. பி.சி.ஓ.எஸ். இருந்தால், குண்டோ ஒல்லியோ, வயசு எதுவானாலும் சர்க்கரையைப் பார்க்கணும் என்கிறது அதே வழிகாட்டி. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் டெஸ்ட்தான் சரியாகக் காட்டும். 140-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 140-லிருந்து 199 வரை எல்லைக்கோடு. 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய்.

எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு வழி உண்டா? உண்டு. அதைக் காட்டியது நம் சென்னைதான். டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரைச் சுமார் மூன்று வருஷம் கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. தினமும் நடந்து, சாப்பாட்டைத் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்கு. இத்தனைக்கும் திருத்திக்கொண்டவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை! அது பி.சி.ஓ.எஸ். பெண்களுக்கான ஆய்வு இல்லை, பெரும்பாலும் ஆண்கள்தான். ஆனாலும் எடை மெஷினை மட்டும் பார்த்து ஒரு பெண்ணைத் திட்டுவதற்கு முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு.

அந்தப் பெண்ணை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். இரண்டு மணி நேர டெஸ்டில் 152. எல்லைக்கோடு. டாக்டர் மெட்ஃபார்மின் எழுதினார். மூணு மாசத்துக்கு மேல் தூரம் தள்ளிப்போக விடாதே, உடனே வா என்றார். கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை தினமும் நடக்கச் சொன்னார். 48 என்ற எண்ணை அவர் வாயே திறக்கவில்லை.

திரும்பும்போது தங்கச்சி மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, எனக்கும் கழுத்துல இப்படித்தான் கறுத்திருக்கு. நானும் ஒரு தடவ பாத்துக்கலாமா?"

45 வயசு. இதுவரை ஒரு முறைகூட சர்க்கரை பார்த்ததில்லை. வீடு தேடி வந்து பார்க்கும் அரசுத் திட்டம் 2021-லிருந்து இருக்கிறது. அவர்கள் கதவைத் தட்டும் நேரத்தில் இவள் மலையில் இருக்கிறாள்.

அந்த ஒரு பக்கப் புத்தகத்துக்கு மறுபதிப்பு போடுகிறவர்கள் யாராக இருந்தாலும் சரி, ஒரே ஒரு கோரிக்கை. எழுதும் முன், படிக்கப்போகிறவள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.