சீன வெளிச்சக்கூடு: கைவினையும் காட்சிப்பொருளும்

அழிந்துவரும் நாட்டார் கலைகளைப் பற்றிப் பேசுவோரை இரு சாராராகப் பிரிக்கலாம். இயந்திரம் வந்தது, கலை மாண்டது எனப் புலம்புவோர் ஒரு சாரார். நூதனசாலையில் மாதிரியொன்றை வைத்துவிட்டால் கலை பிழைத்துவிடும் என நம்புவோர் மறு சாரார். சீனரின் வெளிச்சக்கூட்டுக் கைவினையை நோக்குமிடத்து, இவ்விரு நிலைப்பாடுகளும் குறையுடையன என்பது புலனாகும்.

வெளிச்சக்கூடு நிலைத்திருப்பதற்காகச் செய்யப்பட்ட பொருளன்று. மூங்கிலைப் பிளந்து மெல்லிய கீற்றுகளாகச் சீவி, வளைத்துக் கட்டி, கடதாசியோ பட்டோ ஒட்டி, வண்ணந்தீட்டி முடிக்கப்படும் அது, சீனரின் சந்திர ஆண்டில் முதலாம் மாதத்துப் பூரணையிலோ எட்டாம் மாதத்துப் பூரணையிலோ ஒளிர்ந்து, பின்னர் கிழிந்தழியும். மறு ஆண்டு புதிதாகச் செய்தல் வேண்டும். ஆண்டுதோறும் எழுந்த அத்தேவையே மூத்தோரின் கைப்பழக்கத்தை இளையோருக்குக் கையளித்தது. பொருளின் அழிவே கலையின் ஆயுளாயிற்று எனலாம்.

மின்கலத்தில் ஒளிரும் பிளாஸ்டிக் கூடு இத்தேவையை மலிவாக நிறைவுசெய்தது. இதற்காக இயந்திரத்தை மட்டும் வைவதிற் பயனில்லை. வருவாய் குறைந்த குடும்பம் தன் பிள்ளைக்கு மலிவான கூட்டையே வாங்கும். வாங்குவாரற்ற தொழிலை எந்த இளைஞனும் பயிலான்.

சீன அரசு 2006 இல் வெளியிட்ட முதலாவது தேசிய மரபுரிமைப் பட்டியலின் 518 விடயங்களுள் வெளிச்சக்கூட்டுக் கலையும் ஒன்று. செச்சியாங் மாகாணத்துச் சியன்சூவின் கூடுகள் அதில் இடம்பெற்றன. சட்டகமேயின்றிக் கடதாசித் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஊசியாற் குத்திய நுண்துளைகளினூடே கோலங்களை ஒளிரச் செய்வது அவற்றின் தனித்தன்மை. இத்துணை உழைப்புக்கு உரிய விலை கிடையாதவிடத்து, பட்டியல் பெயரைக் காக்கும், கையைக் காக்குமா?

சிச்சுவான் மாகாணத்துச் சிகொங் நகரம் வேறொரு வழியைக் காட்டுகின்றது. அங்கு உருக்குக் கம்பி, சாட்டின் துணி, மின்விளக்கு என்பவற்றால் பேருருவங்கள் கட்டப்பட்டு, வெளிநாட்டுப் பூங்காக்களுக்கும் அனுப்பப்படுகின்றன. பலருக்குத் தொழில் தரும் அதனை இகழ்தல் தகாது. ஆயினும், கூட்டைக் கையில் ஏந்திச் சென்ற மக்கள் அங்கே நுழைவுச்சீட்டு வாங்கும் பார்வையாளராயினர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

அப்படியாயின் பழைய வழக்கங்களை அவ்வாறே மீட்பதா? ஹொங்கொங்கின் பழைய கிராமங்களில், ஆண்மகவு பிறந்தால் குலமுன்னோர் மண்டபத்தில் வெளிச்சக்கூடு ஏற்றுவது மரபு. பெண்மகவுக்கு அம்மரபில் விளக்கில்லை. கூட்டின் அழகுக்காக இந்த ஏற்றத்தாழ்வையும் சேர்த்துப் போற்றுவது திறனாய்வாகாது.

எனவே, காக்கப்படவேண்டியது கூடன்று. கூடு கட்டும் உழைப்பும், அதனை வேண்டிநிற்கும் வாழ்வுமாகும். பாடசாலையிலும் தெருவிலும் புதிய தேவைகள் உருவாகி, கைவினைஞனுக்கு நியாயமான கூலியும் கிடைக்குமாயின் கலை வாழும். இன்றேல், கண்ணாடிப் பெட்டிக்குள் கிழியாதிருக்கும் கூடு, அதனைக் கட்டத் தெரிந்த கடைசி மனிதனின் நினைவுச்சின்னமாகவே எஞ்சும்.