மெய்யெல்லாம் கண்

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில், பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகிற கூட்டத்தை விட்டுச் சற்று விலகி நடந்தால், களரிப்பயிற்று என்னும் போர்க்கலையைக் கற்பிக்கும் சி.வி.என். களரி வரும். காலையில் போய் மேலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும். தெரு மட்டத்துக்குக் கீழே 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாக ஒரு செம்மண் தளம். தென்மேற்கு மூலையில் ஏழு படிகளாக உயர்ந்து நிற்கும் ‘பூத்தறை’ என்ற வழிபாட்டு மேடை. எண்ணெய் பூசிய உடம்பில் கச்சை இறுக்கி வருகிறவர்கள் வலது காலை முதலில் வைத்து இறங்கி, மண்ணைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்கிறார்கள். மேளம் இல்லை, பாட்டு இல்லை. ஆசானான குருக்களின் குரல் மட்டும் ஒலிக்கிறது. அடுத்தடுத்த அசைவுகளை ஒரே ஓட்டமாகச் சொல்லிக்கொண்டே போகும் அந்தக் குரலுக்கு ‘வாய்த்தாரி’ என்று பெயர். அதன் ஏற்ற இறக்கத்திலேயே வேகமும் நிதானமும் இருக்கின்றன. எனக்கு அது சங்கீதம்தான்.

இந்தக் களரியை 1956-ல் தொடங்கியவர் சி.வி. கோவிந்தன்குட்டி நாயர். அவருடைய தந்தை சி.வி. நாராயணன் நாயர் தலச்சேரிக்காரர்; வடக்கன் களரியை அழிவிலிருந்து மீட்ட கோட்டக்கல் கணாரன் குருக்களின் சீடர். வெள்ளைக்காரனை எதிர்த்த பழசிராஜா 1805-ல் வீழ்ந்த பிறகு, ஆயுதம் ஏந்தும் வழக்கத்தை அவன் மலபாரில் நசுக்கினான். எஞ்சிய வித்தை ஊர்ப்புறக் களரிகளுக்குள் ஒடுங்கியது. ஊர் ஊராகத் தேடிப்போய்க் கற்றவர் கணாரன் குருக்கள். கற்றதை மேடைக்குக் கொண்டுவந்து நாடறியச் செய்தவர் நாராயணன் நாயர். 1944-ல் அவர் மறைந்தார். சி.வி.என். என்ற மூன்றெழுத்து அவருடைய பெயர்தான்.

மகன் தெற்கே வந்தார். கன்னியாகுமரி தமிழகத்தோடு சேர்ந்ததும் கேரளம் என்ற மாநிலம் பிறந்ததும் அதே 1956-ல்தான். நெய்யாற்றின்கரையிலிருந்து நாகர்கோவில் வரை அடிமுறை ஆசான்களின் மண் இது. வர்மத்தையும் கைப்போரையும் அகத்தியரிடமிருந்து வந்ததாகச் சொல்லும் மரபு அவர்களுடையது. பரசுராமரை ஆதிகுருவாகக் கும்பிடும் வடக்கன் முறையை அந்த மண்ணில் ஊன்றி, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வளர்த்ததைத்தான் கோவிந்தன்குட்டி நாயரின் பெரிய வெற்றியாக நான் நினைக்கிறேன். 2006-ல் அவர் காலமானார். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. அவர் வார்த்த உடல்களைப் பார்த்திருக்கிறேன்.

சிலம்பம் பார்த்து வளர்ந்த கண்ணுக்குக் களரி முதலில் பிடிபடாது. சிலம்பத்தின் அழகு காற்றில் இருக்கிறது. கம்பு சுழல, ஆளைச் சுற்றி ஒரு வட்டம் எழும். களரியின் அழகு மண்ணோடு ஒட்டிக் கிடக்கிறது. யானை வடிவைப் பாருங்கள். கால்களை அகட்டி, முழங்கால் மடக்கி, தொடை தரைக்கு இணையாகும்வரை தாழ்கிறார்கள். முதுகு வளைந்து, மார்பு முன்தள்ளி, தலை நிமிர்கிறது. அப்படியே ஒரு நிமிடம் நின்று பாருங்கள், தொடை நடுங்கும். அதே நிலையிலிருந்து சிங்கத்துக்கோ பன்றிக்கோ மூச்சுவிடும் நேரத்தில் மாறுகிறார்கள். இந்த மெய்ப்பயிற்றுத் தேறிய பிறகே கையில் கோல் வரும். கோல் தேறிய பிறகு இரும்பு.

கோல்களில் என் மனசைப் பறித்தது ‘ஒற்ற’. இரண்டடி நீளம் இருக்கும். வைரம் பாய்ந்த மரத்தில், யானைத் துதிக்கைபோல வளைத்துச் செதுக்கி, நுனியில் ஒரு குமிழ் வைத்திருப்பார்கள். பார்த்தால் ஆயுதம் என்றே தோன்றாது. அதை ஓங்கி அடிக்க முடியாது, நேராகக் குத்தவும் வராது. முதுகுத்தண்டின் அடியிலிருந்து ஓர் அலை புறப்பட்டுத் தோள் வழியாக மணிக்கட்டுக்கு வந்தால்தான் அந்தக் குமிழ் போய்ச்சேர வேண்டிய மர்மத்தை, நாம் வர்மம் என்கிற இடத்தைத் தொடும். இடுப்பு உறங்கினால் ஒற்ற வெறும் கட்டை. இருவர் யானை வடிவில் தாழ்ந்து ஒற்றப் பயிற்றுச் செய்யும்போது மரத்தோடு மரம் மோதும் சத்தம் ‘டக், டக்’கென்று செம்மண் தளம் முழுக்கக் கேட்கும். அடிக்கிறவர் பார்வை எதிராளி கண்ணைவிட்டு அகலாது. கை எங்கே போகிறது என்று பார்க்கவே மாட்டார், உடம்பு பார்த்துக்கொள்ளும்.

இதற்கு மலையாளத்தில் ஒரு வழக்கு உண்டு: மெய் கண்ணாக வேண்டும். ஃபிலிப் ஸரில்லி என்ற அமெரிக்க நாடகக்காரர் 1970-களின் பிற்பகுதியில் கதகளி படிக்கக் கேரளம் வந்தார். கோவிந்தன்குட்டி நாயரிடம் களரி கற்கத் தொடங்கினார். 1998-ல் களரிப்பயிற்று பற்றி அவர் எழுதிய பெரிய நூலுக்கு இந்த வழக்கையே தலைப்பாக வைத்தார். ஆனால் ஆங்கிலத்தில் பாதிதான் வரும். நமக்கு மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை. ஐம்பொறிகளை எண்ணும்போதும் மெய்யில்தானே தொடங்குகிறோம்?

இப்போது களரிப்பயிற்று கேலோ இந்தியா விளையாட்டுகளில் இடம்பெற்றுவிட்டது. பிள்ளைகள் பதக்கம் வாங்குகிறார்கள், வாங்கட்டும், சந்தோஷம். களரிக்குள்ளே வேறொரு பதக்கம் உண்டு. அதன் பெயர் பீடம், ஆசிரியர் அமரும் சிறிய பலகை. 1988-ல் கோவிந்தன்குட்டி நாயர் அதை ஸரில்லிக்குக் கொடுத்தார். வென்றவர் என்பதற்கான பரிசல்ல அது. இனி நீயும் கற்றுக்கொடுக்கலாம் என்ற அனுமதி. கடல் கடந்து வந்தவனுக்கு அதைக் கொடுக்கத் துணிந்த மனம் சின்ன மனமல்ல.

அடிக்கத் தெரிந்த கையே குணப்படுத்தவும் வேண்டும் என்பது இந்த மரபு. எந்த மர்மத்தில் பட்டால் ஆள் விழுவான் என்று அறிந்தவர்தான் சுளுக்குக்கும் எலும்பு முறிவுக்கும் எண்ணெய் போடுகிறார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் ‘உழிச்சல்’ என்ற எண்ணெய்த் தேய்ப்பைச் செய்கிறார். களரியை ஒட்டியே வைத்தியசாலையும் இருக்கிறது. இந்த உடல்மொழி நடன மேடைக்கும் போனது. சென்னையில் நடனக் கலைஞர் சந்திரலேகா 1985-ல் ‘அங்கிகா’ நடனத்தை உருவாக்கியபோது களரிப்பயிற்றையும் பரதத்தையும் ஒரே மேடையில் வைத்துக் காட்டியது, இந்த உடம்பின் மொழி நமக்கும் உரியது என்று உணர்ந்ததால்தான்.

இன்று இந்தக் களரியில் குருக்களாக இருப்பவர் கோவிந்தன்குட்டி நாயரின் மகன் சத்தியநாராயணன். பத்மநாபனைச் சேவிக்க நம் ஊர்க்காரர்கள் தினமும் போகிறார்கள். அடுத்தமுறை போகும்போது தரிசனம் முடித்து அரைமணி நேரம் ஒதுக்குங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, செல்போனை அணைத்துவிட்டு, மேலே ஓரமாக நில்லுங்கள். முதலில் கண்ணை மூடி வாய்த்தாரியைக் கேளுங்கள், பிறகு பாருங்கள்.