விண்ணப்பத்தில் ‘நாம்’: திருவனந்தபுரத்து மாணவர் எழுத்தும் விழிஞ்ஞத்தின் ஏழு கோரிக்கைகளும்

பிறரைத் தம் கருத்துக்கு இணங்கச் செய்யும் எழுத்தைத் தமிழ் இலக்கண நூலார் புறக்கணித்தாரல்லர். நூலாசிரியன் மேற்கொள்ளத்தக்க எழுவகை மதங்களை நன்னூல் கூறுகின்றது. உடன்படல், மறுத்தல் என்னும் இரண்டோடு அது நிற்கவில்லை. பிறர் கொள்கையை முதற்கண் ஏற்றுக்கொண்டு பின்னர் அதனைக் களைதலையும் தனியொரு மதமாகவே வகுத்துள்ளது. மணிமேகலை வஞ்சியில் பல சமயத்தாரின் வாதங்களைக் கேட்டதும், பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகளிடம் அளவை நெறி பயின்றதும் ஒரு மாணவி வாதம் கற்ற வரலாறே எனலாம். எனினும், பொதுநலன் கருதி எழுதப்படும் விண்ணப்பம், நாளிதழ்க் கடிதம், துண்டறிக்கை ஆகியவற்றைத் திறனாய்வாளர் இலக்கிய வகையாகக் கருதுவதில்லை. அவற்றை வரலாற்றாசிரியர் சான்றாக எடுத்தாள்வர். அவற்றின் சொல்லாட்சியை ஆராய்வார் அரியர். இளைஞர் ஒருவர் ஒரு சமூகக் கோரிக்கைக்காக எழுதக் கற்றுக்கொள்வது எவ்வாறு என்னும் வினாவிற்கு விடை இத்தகைய எழுத்துகளிலேதான் கிடைக்கும்.

இவ்வினா புதிதாக எழுவதற்கு விழிஞ்ஞம் ஒரு காரணம் ஆகின்றது. துறைமுகத்திற்கான ஒப்பந்தம் 2015 ஆகஸ்டு 17ஆம் நாள் கையெழுத்தாயிற்று. அவ்வாண்டு திசம்பரில் கட்டுமானம் தொடங்கிற்று. 2022 ஆகஸ்டு 16 முதல் முல்லூரில் துறைமுக வாயிலின் முன் மீனவர் போராட்டம் நடைபெற்றது. ஏழு கோரிக்கைகள் முன்வைக்கப்பெற்றன. திசம்பர் 6ஆம் நாள் போராட்டம் முடிவுற்றபோது, பணியை நிறுத்த வேண்டும் என்ற தலையாய கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஏழு கோரிக்கைகள் கொண்ட ஓர் எழுத்து ஏன் பொதுமக்களிடம் ஏழாகச் சென்று சேரவில்லை என்பது திறனாய்வு தொடவேண்டிய இடம். அதனைத் தொடுமுன், அதே திருவனந்தபுரத்தில் நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்திற்கு முன் நிகழ்ந்த ஒரு மாணவர் எழுத்தைப் பார்ப்பது பயனுடையது.

வாதப் பயிற்சி இந்நிலப்பகுதிக்குப் புதிதன்று என்பதையும் இடையே குறிப்பிடலாம். விழிஞ்ஞத்தைத் துறைமுகமாகக் கொண்டு ஆண்ட ஆய் மரபினருள் கருநந்தடக்கன் கி.பி. 866இல் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலையை நிறுவினான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட அதில் 95 சட்டர்க்கு இடமிருந்தது. சேர்வதற்குரிய தகுதிகளுள் இலக்கணம், மீமாம்சை ஆகியவற்றோடு மூன்று அரசுகளின் வியவகாரம் பற்றிய அறிவும் ஒன்று. ஆயின் அங்கே பயின்ற வாதம் அரசவையின் உள்ளிருந்து பேசுவது. வெளியே நின்று கதவைத் தட்டும் வாதம் வேறு வகையினது. அதற்குச் சாலையும் இல்லை, ஆசிரியரும் இல்லை.

பெயரிலியும் பதினாயிரம் பெயர்களும்

அத்தகைய வாதத்தைத் தாமே கற்றுக்கொண்டவர் ஜி. பரமேசுவரன் பிள்ளை (1864–1903). திருவனந்தபுரத்தை அடுத்த பள்ளிப்புறத்தில் பிறந்தவர். மகாராசாக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, அன்றைய திவான் வெம்பாக்கம் இராமய்யங்காரின் ஆட்சியைக் குறைகூறி நாளிதழ்களுக்குப் பெயர் குறிப்பிடாது எழுதினார். எழுதியவர் யார் என்பது தெரியவந்ததும், 1882இல் உடன்பயின்ற இருவருடன் கல்லூரியிலிருந்து நீக்கப்பெற்றார். பின்னர்ச் சென்னைக்குச் சென்று மாநிலக் கல்லூரியில் பயின்று, ‘மதராஸ் ஸ்டாண்டர்டு’ என்னும் ஆங்கில இதழின் ஆசிரியரானார்.

பதினெட்டு வயதுடைய மாணவர் பெயரின்றி எழுதியதற்கு அச்சம் மட்டுமே காரணம் என்று கொள்வது முழு உண்மையாகாது. பெயரிலி எழுத்தில் எழுதுவோரின் குலம், வயது, பதவி எதுவும் வாதத்திற்குத் துணைநிற்பதில்லை. கூற்று தன் வலிமையாலேயே நிற்க வேண்டும். மதிப்புடையோர் கையொப்பம் பெற்ற மடல் பாதி வாதத்தைக் கையொப்பத்திலேயே முடித்துவிடுகின்றது. பெயரிலிக்கு அவ்வசதி கிடையாது. எழுதப் பயில்வோர்க்கு இதைவிடக் கடினமான பயிற்சிக்களம் அமைவது அரிது. அதே வேளையில் இதன் குறையும் வெளிப்படை. சொல்லுக்குப் பொறுப்பேற்க ஒருவர் முன்னிற்காதபோது, படிப்பவர் மனம் கூற்றை விட்டுவிட்டு எழுதியவர் யாராயிருக்கலாம் என்று தேடத் தொடங்கிவிடும். திருவனந்தபுரத்தில் நேர்ந்ததும் அதுவே.

ஒன்பதாண்டுகளுக்குப் பின் 1891இல் மன்னர் ஸ்ரீமூலம் திருநாளிடம் அளிக்கப்பெற்ற மலையாளி விண்ணப்பத்தில் இந்நிலை தலைகீழாக மாறியது. அதனை உருவாக்குவதில் முன்னின்றவர்களுள் பிள்ளையும் ஒருவர். பெயரில்லாமல் எழுதியவர் இப்போது 10,000க்கும் மேற்பட்டோர் கையொப்பத்துடன் பேசுகின்றார். திருவிதாங்கூர் அரசுப் பணிகளில், குறிப்பாக உயர்பதவிகளில், அயலிடத்திலிருந்து வந்த பிராமணரே நிறைந்திருப்பதும், மண்ணின் மக்கள் புறக்கணிக்கப்படுவதும் அதன் முறையீடு. வாதத்தின் அமைப்பு எளியது: இந்நாட்டார் நாம், இந்நாட்டின் பணி நமக்கு உரியது.

எளிமையே அதன் ஆற்றல். குறையும் அங்கேயே உள்ளது. அந்த ‘நாம்’ யார்? மலையாளி என்பது மொழியைச் சுட்டும் பெயர். விண்ணப்பம் கேட்டதோ நாட்டில் பிறந்தார்க்குரிய உரிமை. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் வட்டங்களில் தமிழ் பேசுவோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அவ்வட்டங்கள் 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவிதாங்கூர், பின்னர்த் திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சியிலேயே இருந்தன. அவர்கள் மண்ணின் மக்கள். ஆயின் பெயரளவில் மலையாளிகள் அல்லர். எதிர்க்கப்பட்டோரும் பெரும்பாலும் தமிழ் பேசுவோராகவே இருந்தமையின், நாட்டைப் பற்றிய வழக்கு மொழியைப் பற்றிய வழக்காகத் தோற்றமளித்தது. எதிர் விண்ணப்பம் ஒன்று எழுந்ததற்கு இம்மயக்கமும் இடமளித்திருத்தல் கூடும்.

இதனினும் பெரிய பிளவு உள்ளிருந்தது. கையொப்பமிட்டோர் வரிசையில் மூன்றாம் பெயர் மருத்துவர் பல்ப்புவினுடையது (1863–1950). திருவனந்தபுரத்துப் பேட்டையில் ஈழவர் குடும்பத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, சொந்த நாட்டில் பணி மறுக்கப்பெற்று, மைசூர் அரசின் பணியில் அமர்ந்தவர் அவர். ஈழவருள் ஒருவர்க்கேனும் குறிப்பிடத்தக்க அரசுப் பணி இல்லை என்ற செய்தி விண்ணப்பத்திலும் இடம்பெற்றது. திவான் டி. இராமராவ் காலத்தில் வந்த அரசின் விடையோ, ஈழவர் பெரும்பாலும் கல்வியறிவற்றோர் என்றும், உழவு, கயிறு திரித்தல், கள்ளிறக்குதல் முதலிய தம் தொழில்களிலேயே நிறைவுற்றோர் என்றும் கூறி அப்பகுதியைத் தள்ளிவிட்டது. விண்ணப்பத்தால் பயன் மிகுதியாகப் பெற்றோர் நாயர் சமூகத்தாரே என்பது வரலாற்றாசிரியர் பொதுவாக ஏற்பது. மூன்றாம் இடத்தில் பெயர் இருந்தவரின் சமூகம் பயன் கிடைத்தபோது வரிசையில் இல்லை.

‘நாம்’ சுருங்கியபோது

இந்நிகழ்ச்சியிலிருந்து பல்ப்பு கற்றுக்கொண்டதே இம்மரபின் சிறந்த பகுதி. அவர் பொது ‘நாம்’ மீது சினங்கொண்டு எழுத்தைக் கைவிடவில்லை. 1895இல் திவான் சங்கரசுப்பையரிடம் தாமே ஒரு விண்ணப்பம் அளித்தார். 1896 செப்டம்பரில் ஈழவர் விண்ணப்பம் 13,176 கையொப்பங்களுடன் அளிக்கப்பெற்றது. இரு விண்ணப்பங்களுக்கும் இடைப்பட்டது ஐந்தாண்டே. ஆயின் வாதமுறை வேறாகிவிட்டது. முன்னது ‘நாட்டார்’ என்னும் பரந்த சொல்லின் நிழலில் நின்றது. பின்னது தன் எல்லையைத் தானே குறுக்கிக்கொண்டது: இன்ன சமூகத்தார், இன்ன பள்ளிகளில் சேர்க்கப்படுவதில்லை, இன்ன பணிகளில் அமர்த்தப்படுவதில்லை. அண்டையிலுள்ள ஆங்கில மலபாரில் அதே சமூகத்தார் அரசுப் பதவிகளில் இருப்பதை அது சான்றாக எடுத்துக்காட்டியது. கல்வியில்லாமையால் பணியில்லை என்ற அரசின் விடையை மறுக்கப் புகாமல், கல்விக்கான வாயிலை அடைத்தது யார் என்று திருப்பிக் கேட்கும் நிலையை அது உண்டாக்கிற்று. நன்னூலார் கூறும், பிறர் கொள்கையை ஏற்றுக் களையும் மதத்திற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

பல்ப்பு பின்னர் இவ்விண்ணப்பங்களையும் கடிதங்களையும் விடைகளையும் திரட்டித் திருவிதாங்கூரில் தீயர் நடத்தப்படும் முறை என்னும் பொருளுடைய தலைப்பில் ஆங்கில நூலாக்கினார். எதிர்த்தரப்பின் விடையையும் சேர்த்து அச்சிடும் துணிவு எல்லா வழக்காடுவோர்க்கும் வாய்ப்பதில்லை. பிள்ளையும் வாளாவிருக்கவில்லை, 1895இல் பூனாவில் கூடிய சமூக மாநாட்டில் ஈழவர் நிலையை எடுத்துரைத்தார். 1891இன் விண்ணப்பத்திற்கு அவரே எழுதிய திருத்தமாக அதனைக் கருத இடமுண்டு.

மூன்று வரிச் செய்தி

1896இல் மற்றொரு வழக்கு சென்னையில் பிள்ளையின் அலுவலகத்திற்கு வந்து சேர்ந்தது. தென்னாப்பிரிக்க இந்தியரின் துயரைக் கூற வந்த காந்தியடிகளுக்கு மதராஸ் ஸ்டாண்டர்டின் பத்திகளைப் பிள்ளை முழுமையாகத் திறந்துவிட்டார். அடிக்கடி அழைத்து வழிகாட்டினார். காந்தியடிகளே தம் வரலாற்றில் இதனை நன்றியோடு குறித்துள்ளார். அவரும் மாணவப் பருவத்திலேயே எழுதிப் பழகியவர். இலண்டனில் சட்டம் பயின்றபோது 1891இல் மரக்கறியுணவாளரின் இதழொன்றில் தொடர்ந்து எழுதினார். பிள்ளையின் முதலெழுத்து கல்லூரியிலிருந்து நீக்கம் பெற்றுத் தந்தது. காந்தியடிகளின் முதலெழுத்து அத்தகைய இடர் எதையும் தரவில்லை. ஒருவர் எழுதியது திவானைப் பற்றி, மற்றவர் எழுதியது உணவைப் பற்றி என்பது நினைக்கத்தக்கது.

இராசகோட்டில் எழுதிப் பச்சை அட்டையுடன் 10,000 படிகள் அச்சிடப்பெற்ற காந்தியடிகளின் துண்டறிக்கை, வேண்டுமென்றே அடக்கமாக எழுதப்பெற்றது. தொலைவிலிருந்து கேட்கும் செய்தி உள்ளதினும் பெரிதாகத் தோன்றும் என்பதை அறிந்தே, முன்னர்த் தென்னாப்பிரிக்காவில் எழுதியவற்றைவிட மென்மையான சொற்களை அவர் ஆண்டார். ஆயினும் நிகழ்ந்தது வேறு. அறிக்கையின் சுருக்கம் தந்தி வழியே இங்கிலாந்துக்குச் சென்றது. அச்சுருக்கத்தின் சுருக்கம் மூன்று வரிகளில் நேட்டாலுக்குச் சென்றது. அடக்கமான சொற்கள் அவ்வழியில் மறைந்து குற்றச்சாட்டு மட்டும் எஞ்சியது. 1897 சனவரி 13ஆம் நாள் தர்பனில் கரையிறங்கிய காந்தியடிகளை வெள்ளையர் கும்பல் தாக்கியது. எழுதியவரின் கட்டுப்பாடு எழுத்தின் எல்லையோடு முடிந்துவிடுகின்றது. சுருக்குவோன் கையில் அகப்பட்ட பின் எது எஞ்சும் என்பதையும் எண்ணி எழுதுதல் வாதக்கலையின் ஒரு கூறு. இதனை எந்தப் பள்ளிக் கட்டுரைப் பாடமும் கற்பிப்பதாகத் தெரியவில்லை. முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்னும் சட்டத்தைக் கொடுத்து, அதனை நிரப்பச் சொல்வதோடு பயிற்சி நின்றுவிடுகின்றது.

விழிஞ்ஞத்தின் ஏழு கோரிக்கைகளை இவ்விரு அளவைகளாலும் நோக்கலாம். அவற்றுள் துறைமுகப் பணியை நிறுத்திக் கரையரிப்பை ஆராய்தல் ஒன்று. வீடிழந்தோர்க்கு மறுவாழ்வு, மண்ணெண்ணெய்க்கு மானியம், வானிலை எச்சரிக்கையால் கடலுக்குச் செல்லவியலாத நாள்களுக்கு ஈடு ஆகியவையும் அவற்றில் அடங்கும். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் கடலில் மாண்டோரை நினைத்தால் எச்சரிக்கை நாள் பற்றிய கோரிக்கையின் கனம் விளங்கும். எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிந்தால் அன்றைய உணவில்லை. கீழ்ப்படியாவிடின் உயிருக்கு உறுதியில்லை. இவ்வாறு தன் நியாயத்தைத் தானே கூறிக்கொள்ளும் கோரிக்கைகள் இருந்தும், பொதுப்பேச்சில் ஏழும் ஒன்றாகச் சுருங்கின: துறைமுகம் வேண்டாம் என்கின்றனர். நேட்டாலுக்குச் சென்ற மூன்று வரிகளின் விழிஞ்ஞ வடிவம் இது. நவம்பர் 27ஆம் நாள் காவல்நிலையம் தாக்கப்பெற்ற பின்னர் அவ்வொன்றும் பின்தங்கி, வன்முறையே செய்தியாயிற்று.

‘நாம்’ பற்றிய இடர்ப்பாடும் திரும்பி வந்தது. ‘கடற்கரை மக்கள்’ என்ற சொல் விழிஞ்ஞத்தில் ஒரு சமூகத்தை மட்டும் குறிப்பதன்று. அங்கே இலத்தீன் கத்தோலிக்க மீனவரும் உளர், முசுலிம் மீனவரும் உளர். துறைமுகத்தால் வேலையும் வாணிகமும் பெருகும் என நம்பி அதனை வரவேற்ற உள்ளூராரும் போராட்டத்திற்கு எதிரே அமர்ந்திருந்தனர். கரை முழுவதன் பெயராலும் பேசிய எழுத்துக்கு, ‘எங்கள் பெயரால் பேசாதீர்’ என்ற ஒரு குரலே போதிய மறுப்பாகிவிடுகின்றது. கரையரிப்புப் பற்றிய வாதத்திலும் இக்குறை உண்டு. திருவனந்தபுரக் கடற்கரையின் அரிப்பு 2015க்கு முன்னரே இருந்தது. விழிஞ்ஞத்து மீன்பிடி துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் பழையன. இதனை எதிர்த்தரப்பார் கூறும்வரை காத்திராது, எழுதுவோர் தாமே முதலில் ஒப்புக்கொண்டு, ஏற்கெனவே நலிந்த கரைமீது புதிய சுவர் என்ன செய்யும் என்று கேட்டிருப்பின் வாதம் தளர்ந்திராது. அக்கேள்விக்கு விடை கூறும் பொறுப்பு அப்போது கட்டுவோர் மேல் விழுந்திருக்கும்.

இவ்வாறு கூறுவதனால் போராட்டத்தின் நியாயம் அளக்கப்படுவதாகக் கொள்ளலாகாது, அளக்கப்படுவது எழுத்தே. 2024 சூலையில் முதல் பெருங்கப்பல் வந்தது. 2025 மே 2ஆம் நாள் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றது. நிறுத்துக என்ற கோரிக்கைக்கு இனி இடமில்லை. மற்றவை ஆறும் அவ்வாறு காலாவதியானவை அல்ல. அவற்றை எழுத விரும்பும் கடற்கரை மாணவர்க்கு, 1891இன் ‘நாட்டார்’ போன்ற பெருஞ்சொல் தேவையில்லை. வீட்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வலியதுறையின் சிமெண்டுக் கிடங்கில் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. அவர்கள் வெளியே குடியிருக்க அரசு முன்வைத்த மாத வாடகை 5,500 ரூபாய். அத்தொகைக்குத் திருவனந்தபுரத்தில் எத்தகைய வீடு கிடைக்கும் என்பதை எவரும் ஒரு மாலைப்பொழுதில் கேட்டறிந்து எழுதலாம். மூன்று வரிகளாகச் சுருக்கினும் அவ்வெண் மறையாது.