இரண்டு கோப்பும் ஒரு குறுந்தகடும்

பிரிட்டனின் நிதிச் சேவைகள் ஆணையம் 2011 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையைப் பொருளாதார ஆவணமாக மட்டும் வாசித்தால் போதாது. 450 பக்கங்களைத் தாண்டும் அது, அரசு தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட ஒரு பிரதி.

கதை தெரிந்ததுதான். ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, ஃபோர்ட்டிஸ், சான்டான்டர் என மூன்று வங்கிகள் கூட்டுச் சேர்ந்து 2007 அக்டோபரில் நெதர்லாந்தின் ஏபிஎன் ஆம்ரோவைச் சுமார் 7,100 கோடி யூரோவுக்கு வாங்கின. வாங்குமுன் உள்விவகாரம் பற்றி ஸ்காட்லாந்து வங்கியின் கைக்குக் கிடைத்தது இரண்டு கோப்புகளும் ஒரு குறுந்தகடும். எதிரே பார்க்ளேஸ் போட்டிக்கு நின்றதால் துருவிக் கேட்க வழியில்லையாம். நம்ம ஊர் அடகுக் கடையில ஒரு பவுன் மோதிரத்தைக் கூட உரசிப் பாக்காம வாங்க மாட்டான்! இங்கே இயக்குநர் குழு ஒருமனதாகத் தலையாட்டியது. பங்குதாரர்களில் 94 சதத்துக்கும் மேல் ஆதரித்தார்கள். அரசு?

இங்குதான் பிரதி சுவாரஸ்யமாகிறது. 2007 செப்டம்பர் 14 அன்று நார்தர்ன் ராக் வங்கியின் வாசலில் மக்கள் பணத்தை எடுக்க வரிசையில் நிற்கிறார்கள். மூன்று நாள் கழித்து, 17ஆம் தேதி, டச்சு அரசு இந்தக் கொள்முதலுக்கு 'ஆட்சேபனை இல்லை' என்று அறிவிக்கிறது. 'சம்மதம்' அல்ல, 'ஆட்சேபனை இல்லை'. அதிகாரம் எதிர்மறையில் பேசும்போது பொறுப்பு என்பது இலக்கணத்திலேயே காணாமல் போகிறது. லண்டனில் அந்த அளவும் இல்லை. பிரிட்டிஷ் வங்கி அந்நிய வங்கியை வாங்க ஆணையத்தின் முறையான ஒப்புதல் தேவைப்படவில்லை. ஆனால் கூடுதல் மூலதனம் கேட்டுத் தடுத்திருக்க முடியும். பெருமளவு கடன் வாங்கி, அதிலும் குறுகிய காலக் கடன் வாங்கி, நடத்திய கொள்முதல் இது. கேட்கவில்லை.

இதை 'அரசு இல்லாத இடம்' என்று வாசிக்கும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆணையம் தொழிலுக்கு இடைஞ்சலாக இருப்பதாக 2005இல் பிரதமர் டோனி பிளேரே மேடையில் குறைப்பட்டார். கண்ணை மூடிக்கொள் என்பதும் ஓர் ஆணைதான். ஃபூக்கோ சொன்ன கண்காணிப்பு கைதியை, நோயாளியை, பள்ளிப் பிள்ளையைப் பார்க்கிறது. வங்கியிடம் வரும்போது, எதைக் காட்டுவது என்பதைப் பார்க்கப்படுபவனே முடிவு செய்கிறான்.

2010 டிசம்பரில் ஆணையம் முதலில் வெளியிட்டது ஒரு சிற்றறிக்கை. மோசமான முடிவுகள் எடுத்தார்கள், மோசடி இல்லை, அவ்வளவுதான். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் இந்தப் பெரிய அறிக்கை. அதன் நேர்மையை மறுக்க வேண்டாம், தன் குறைகளை அது ஒத்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுவது 'அன்றைய அணுகுமுறை'. அணுகுமுறைக்கு முகவரி கிடையாது, சம்பளம் கிடையாது, அதைக் கைது செய்யவும் முடியாது.

பெரிய வங்கிக் கொள்முதல்களுக்கு முன்ஒப்புதல் கட்டாயமாக வேண்டும் என்ற யோசனையும் அதில் உண்டு. வேண்டியதுதான். ஆனால் ஒப்புதல் தருகிறவர் மேசைக்கும் அதே இரண்டு கோப்புதானே வரும்? டச்சுக்காரர்களிடம் அந்த அதிகாரம் இருந்தும் என்ன நடந்தது? 2008 அக்டோபரில் ஃபோர்ட்டிஸின் டச்சுப் பகுதியை, ஏபிஎன் ஆம்ரோ பங்கோடு சேர்த்து, 1,680 கோடி யூரோ கொடுத்து அவர்களே வாங்க வேண்டி வந்தது. பிரிட்டிஷ் அரசு ஸ்காட்லாந்து வங்கியில் போட்டது 4,550 கோடி பவுண்டு. வங்கித் தலைவர் ஃபிரெட் குட்வினின் 'சர்' பட்டம் 2012இல் பறிக்கப்பட்டது. வங்கி 2020இல் நாட்வெஸ்ட் குழுமம் என்று பெயரை மாற்றிக்கொண்டது. 2025 மே மாதம் அரசு கடைசிப் பங்கையும் விற்றபோது திரும்பாமல் போன தொகை சுமார் 1,050 கோடி பவுண்டு. அந்தக் கணக்கு மட்டும் வரி கட்டியவர்களின் பேரில் எழுதப்பட்டது.