ஓசைகளை வகைப்படுத்தல் பற்றிச் சில குறிப்புகள்

1991இல் வந்த ‘ஜெனரல் மிடி’ என்னும் தரப்பட்டியல் 128 வாத்திய ஒலிகளுக்கு எண் கொடுத்தது. எந்தக் கம்பெனி கீபோர்டாக இருந்தாலும் குறிப்பிட்ட எண்ணை அழுத்தினால் குறிப்பிட்ட வாத்தியம் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. இதில் வயலினின் எண் 41. ‘தந்திகள்’ குடும்பத்தில் முதலாவது. 111ஆம் எண்ணில் ஃபிடில் இருக்கிறது, ‘எத்னிக்’ குடும்பத்தில், சிதார், ஷெனாய், கலிம்பா வகையறாக்களோடு. இரண்டும் ஒரே வாத்தியம்தான். கச்சேரி மண்டபத்தில் வாசித்தால் தந்தி, நாட்டுப்புறத்து ஆட்டத்துக்கு வாசித்தால் எத்னிக். (நம்மூர் சபாக்காரர்கள் அதைப் பிடில் என்றே சொல்லிவந்தார்கள் என்பது தனி வேடிக்கை.) ஆக, ‘எத்னிக்’ என்கிற சொல் ஓசையின் குணத்தைச் சொல்லவில்லை, பட்டியல் போட்டவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதைத்தான் சொல்கிறது.

இந்தப் பழைய பட்டியலை இப்போது கிளறுவதற்குக் காரணம் உண்டு. சினிமாப் பாட்டிலிருந்து நம் தோழர்களின் வீதிநாடக இசை வரைக்கும் இன்று சாம்பிள்களால் ஆகிறது. சாம்பிள் என்பது யாரோ ஒருவர் அடித்த ஓர் அடி, இழுத்த ஓர் இழுப்பு. பதிவுசெய்து, நறுக்கி, கோப்பாக்கி, ஆயிரக்கணக்கில் கட்டி விற்பது. இத்தனை ஆயிரத்தில் வேண்டியதை எப்படித் தேடுவது? இங்கேதான் வகைப்பாட்டின் அரசியல் வருகிறது.

முதலில் குறிச்சீட்டுகள் இருந்தன. ஆப்பிள் கம்பெனி 2004இல் வெளியிட்ட காரேஜ்பேண்டின் தேடுபலகையில் குறிகள் எதிரெதிர் ஜோடிகளாக நின்றன: நிதானம்/உக்கிரம், உற்சாகம்/இருள். அமைப்பியல்வாதிகள் பார்த்தால் கைதட்டியிருப்பார்கள். வாழ்ந்து முடித்த கிழவர் ஒருவரின் சாவில் அடிக்கிற பறையை இதில் எந்தப் பொத்தானில் போடுவது? பெண்கள் மாரடித்து அழுகிறார்கள், பேரன்கள் ஆடுகிறார்கள், அடி ஒன்றுதான். இந்த இருமை எதிர்வு அந்தத் தெருவுக்குள் நுழைந்ததுமே செத்துப்போகிறது. ஆனாலும் குறிச்சீட்டோடு சண்டை போடலாம். ‘எத்னிக்’ என்று எழுதியிருந்தால், யாருக்கு எத்னிக் என்று கேட்கலாம்.

இப்போது வந்திருப்பது வேறு. ஸ்வீடனின் எக்ஸ்எல்என் ஆடியோ நிறுவனத்தாருடைய எக்ஸ்ஓ என்ற மென்பொருள், உங்களிடமுள்ள தாள ஒலிகளையெல்லாம் புள்ளிகளாக்கி ஒரு விண்மீன் கூட்டம்போல் விரிக்கிறது. ஒத்து ஒலிப்பவை பக்கத்தில், ஒவ்வாதவை தூரத்தில். 2024இல் வந்த ஏபில்டன் லைவ் 12 ஒரு சாம்பிளைக் கொடுத்தால் அதைப்போல் ஒலிப்பவற்றை வரிசைப்படுத்தித் தருகிறது. இன்னும் மேலே போய், கட்டிவைத்த தாளத்தின் அடிகளை எடுத்துவிட்டு ‘ஒத்த’ அடிகளை அந்த இடத்தில் வைக்கிறது. ஓசையின் தொடக்கம் எவ்வளவு கூர்மை, ஆற்றல் எந்த அதிர்வெண்களில் குவிகிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது — இப்படிப்பட்ட அளவுகளை எண்களாக்கி எண்களுக்கு இடையே தூரம் பார்ப்பதுதான் இவ்வகைக் கருவிகளின் அடிப்படை. பார்த்ததும் எனக்கும் மயக்கமாகத்தான் இருந்தது. ‘எத்னிக்’ ஒழிந்தது, பறையும் ஸ்நேரும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள், இதைவிட என்ன ஜனநாயகம் வேண்டும்?

மயக்கத்தை விட்டுக் கேட்போம்: ஒப்புமை யாருடைய காதுக்கு? பறையின் தோலை நெருப்பில் காய்ச்சி ஏற்றுகிறார்கள். ஆட்டம் நீள நீளத் தோல் இறங்குகிறது. சூடான தோலும் இறங்கிய தோலும் இயந்திரத்துக்கு இரண்டு வேறு புள்ளிகள். அடிப்பவருக்கு அது ஒரே பறையின் ஒரே இரவு. சிம்புக்குச்சியும் அடிக்குச்சியும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதால் உண்டாவதுதான் அடவு. ஒற்றை அடியை வெட்டியெடுத்த பிறகு பதில் எங்கே?

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் திணை நினைவுக்கு வரும். தொல்காப்பியம் கருப்பொருளில் பறையையும் சேர்க்கிறது. ஏறுகோட்பறை, மீன்கோட்பறை, நெல்லரிகிணை என்று பின்வந்தவர்கள் தரும் பெயர்களே ஓசையைத் தொழிலோடும் நிலத்தோடும் கட்டிவைக்கின்றன. இதைப் பொற்காலமாக்கிப் புல்லரிக்க வேண்டாம். ஓசையைத் தொழிலோடு கட்டுகிற அதே மனம்தான் சாவு மேளத்தை ஒரு சாதியின் கழுத்தில் கட்டியது. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று தலித் மக்கள் மறுத்தபோதும், அதே பறையைப் போராட்ட மேடையில் ஏற்றியபோதும், ஓசையை அதன் பழைய சந்தர்ப்பத்திலிருந்து பிய்த்தெடுத்தார்கள். மென்பொருளும் பிய்த்தெடுக்கத்தானே செய்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். சரியான கேள்வி. ஆனால் முன்னதில் பிய்த்தவர் அடித்தவரே. பின்னதில் அடித்தவரை அப்புறப்படுத்திவிட்டு அடியை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிற பின்நவீன உற்சாகம் எனக்கு உடன்பாடில்லை.

‘ஆமென் பிரேக்’ கதை தெரிந்ததுதான். 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் ‘ஆமென், பிரதர்’ பாட்டில் கிரிகரி கோல்மன் என்கிற கறுப்பின டிரம்மர் அடித்த நான்கு சுற்று, ஏறத்தாழ ஏழு விநாடி, பின்னாளில் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஏறியது. ஜங்கிள் என்கிற இசை வகையே பெரிதும் அதன்மேல் எழுந்தது. கோல்மன் 2006இல் வீடில்லாமல் செத்துப்போனார். ஆனாலும் அந்தத் துணுக்கோடு பாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டே வந்தது. அந்த நூலைப் பிடித்துத்தான் 2015இல் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு ரசிகர்கள் 24,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தார்கள். பிச்சைக்காசுதான், இருந்தாலும் யாருக்குக் கடன்பட்டோம் என்று தெரிந்தது. ஒப்புமைத் தேடல் இந்த நூலையே அறுத்துவிடுகிறது. உரிமைச் சிக்கலுள்ள அடியா? பக்கத்துப் புள்ளியை எடுத்துக்கொள். கூலி கேட்கிற வாத்தியக்காரரா? அவரைப்போல் ஒலிக்கிற இன்னொன்று இருக்கிறது.

அதனால் லைவ் 12இல் என்னை நிறுத்தியது ஒப்புமைத் தேடல் அல்ல. அதே தேடுபலகையில் ஒருவர் தன் சொந்தக் குறிச்சீட்டுகளை எழுதி ஒட்டலாம் என்கிற சின்ன வசதி. ‘சாவு’, ‘கல்யாணம்’, ‘மறியல்’, ‘காய்ச்சிய தோல்’ என்று எழுதலாம். ஊரும் தேதியும் எழுதலாம். கம்பெனி கொடுத்த பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு கம்பெனியைத் திட்டுவதில் நம்மவர்களுக்கு உள்ள சுகம் ஏனோ இதில் இருப்பதில்லை.

ஆனால் அந்தச் சீட்டு ஒலிக்கோப்புக்குள் ஏறுவதில்லை. கோப்புக்குள்ளேயே பெயர் போக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997இல் வகுத்த ஒலிக்கோப்பு வடிவத்தில், தோற்றுவித்தவர் யார் என்று எழுத 32 எழுத்து இடம் விட்டிருக்கிறார்கள் (ரோமன் எழுத்தில்தான், தமிழ் ஏறாது). புரோ டூல்ஸ் மென்பொருளில் பதிவுசெய்தால் அந்தக் கட்டத்தில் ‘புரோ டூல்ஸ்’ என்றே தானாக விழுகிறது. அதை அழித்துவிட்டு அடித்தவர் பெயரைப் போட ஒரு நிமிஷம்கூட ஆகாது. நம்மூர்ப் பறைக்குழுக்களைப் பதிவுசெய்கிற நண்பர்கள் இனி அதையாவது செய்யட்டும்.