ஓகேயை ரசிப்பது எப்படி?

‘படம் எப்படி?’ ‘ஓகே.’ இந்தப் பதிலைக் கேட்டு யாரும் தியேட்டருக்கு ஓடமாட்டார்கள். ‘நாளைக்குப் படத்துக்குப் போகலாமா?’ ‘ஓகே.’ இப்போது டிக்கெட் போட்டுவிடலாம். ஓகேயின் ருசி இங்கேதான் இருக்கிறது. அது ஒப்புக்கொள்ளும்; பாராட்டாது. மிச்சத்தைக் குரலும் இடமும்தான் சொல்ல வேண்டும்.

அதனால் முதலில் குரலைக் கவனியுங்கள். ‘ஓகேஏஏ…’ என்று இழுத்தால் நம்பிக்கை வரவில்லை. வெடுக்கென்று விழுந்தால், ‘போதும், பேச்சை நிறுத்து.’ மீட்டிங்கில் மேலாளர் ‘ஓகே’ என்று தொண்டையைச் செருமினால் ஆரம்பிக்கப் போகிறார். பேசி முடித்து ‘ஓகே?’ என்றால் தலையாட்ட வேண்டியது நம் வேலை. வாட்ஸ்அப்பில் தட்டும் எழுத்துக்குக் குரல் கிடையாது. அதனால்தான் வெறும் ‘கே’ மட்டும் வந்தால், என்ன கோபமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

அடுத்து, அதன் இலக்கணம். ஆங்கிலத்தில் பெயராகவும் வினையாகவும் அடையாகவும் நிற்கும். தமிழில் ஒரு துணைவினை சேர்த்தால் போதும்: மேனேஜர் ஓகே பண்ணினார், லோன் ஓகே ஆயிடுச்சு.

பிறந்த கதை இன்னும் சுவாரசியம். 1830களின் இறுதியில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்குச் சொற்களைச் சுருக்கி எழுதும் மோகம். அதிலும் வேண்டுமென்றே தப்பாக எழுத்துக்கூட்டுவது பெரிய வேடிக்கை. ‘ஆல் கரெக்ட்’ என்பதன் முதலெழுத்துகள் ஏ, சி. அதை ‘ஓ’, ‘கே’ என்று மாற்றி, 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ அச்சிட்டது. ‘ஆல் ரைட்’டுக்கும் இப்படி ‘ஓ.டபிள்யூ.’ என்றொரு சுருக்கம் இருந்தது. அது போன இடம் தெரியவில்லை.

ஓகேக்குக் கைகொடுத்தது 1840 அமெரிக்க அதிபர் தேர்தல். மறுபடி போட்டியிட்ட மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர் கிண்டர்ஹூக். ஆதரவாளர்கள் அவரை ‘ஓல்ட் கிண்டர்ஹூக்’ ஆக்கி, ஓ.கே. கிளப்புகள் தொடங்கினார்கள். அவர் தோற்றார். ஆனால் பிரசாரத்தின் புண்ணியத்தில் சொல் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சாக்டா பழங்குடி மொழியிலிருந்து வந்தது, கிரேக்கத்திலிருந்து வந்தது என்றெல்லாம் வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தார்கள். 1960களில் ஆலன் வாக்கர் ரீட் என்ற பேராசிரியர் பழைய செய்தித்தாள்களைத் துழாவிப் பாஸ்டன் கதையை வெளியே கொண்டுவந்தார்.

இனி ஓகே காதில் விழும்போது அந்த இடத்தில் ‘சரி’, ‘ஆகட்டும்’, ‘பரவாயில்லை’, ‘சுமார்தான்’ என நான்கையும் வைத்துப் பாருங்கள். எது பொருந்துகிறதோ, அதுவே சொன்னவர் மனசு. இரண்டு பொருந்தினால், அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை.